மேல் வீட்டுப் பிரிண்டர்

நானுஓயாவில் ஒருவர் பிரிண்டர் வாங்கினால் அது அவர் வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. டவுனில் கொமியூனிகேஷன் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் பனிமூட்டமும் இறங்கிவிட்டால், ஒரு பக்கம் போட்டோகொப்பிக்காக யார் மேட்டை இறங்கி ஏறுவது? "டீச்சர் வீட்ல மிசின் இருக்கு, போயிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். கிராம சேவகரிடம் கொடுக்கும் படிவம், பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். கடதாசி, புலமைப்பரிசில் எழுதப்போகும் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் என்று எல்லாம் எங்கள் முன்னறைக்கு வரும். மலைநாட்டு ஆட்களுக்குக் கடதாசி லேசான விஷயம் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது கடதாசியில். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு யார் கப்பலேறுவது, யார் இங்கே தங்குவது என்று முடிவானதும் கடதாசியில். எதற்கும் இரண்டு கொப்பி எடுத்து வை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் அந்தப் பயம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பிரிண்டருக்கு வேலை கூடியது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். என் மனைவி ஆசிரியை. பாடங்கள் வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்தன. லயத்திலோ ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள், சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும், டேட்டா போடக் காசு வேண்டும். கடைசியில் பழையபடி கடதாசியே கைகொடுத்தது. அவர் பயிற்சித் தாள்களை அடித்து, பால் எடுக்க வருகிறவரிடம் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்புவார். பிரிண்டர் கைமாறி வந்த ஒரு கறுப்பு வெள்ளை லேசர். அதற்கு வைஃபை கிடையாது, பின்பக்கம் ஒரே ஒரு யூ.எஸ்.பி. கேபிள். அதை முன்னறையில் இருந்த என் பழைய டெஸ்க்டொப்பில் செருகியிருந்தேன். மனைவிக்கும் மகளுக்கும் லெப்டொப். எங்கள் வீட்டுக்குக் கீழே, கொஞ்சம் படி இறங்கினால் தம்பி வீடு. அங்கேயும் ஒரு லெப்டொப். ஆக பிரிண்டர் ஒன்று, பட்டனைத் தட்டுகிற ஆட்கள் பலர்.

"எதுக்குங்க இவ்வளவு கரைச்சல்? பென் டிரைவ்ல போட்டு உங்க கொம்பியூட்டர்ல குத்தினா அடிச்சிரலாம்தானே" என்றார் மனைவி. செய்து பார்த்தோம். வினாத்தாளின் முதல் பக்கத்தில் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தக் கூத்து பழக்கமானது. மனைவி அடிப்பது பாமினியில். பாமினி யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. என் டெஸ்க்டொப்பில் பாமினி இல்லை, சட்டை கழன்று விழுந்துவிட்டது. வலையமைப்பு வழியாக அடித்தால் இந்தச் சிக்கல் வருவதில்லை. ஏனென்றால் வழக்கமாக விண்டோஸ், பக்கத்தை அனுப்புகிற கொம்பியூட்டரிலேயே வரைந்து முடித்துத்தான் பிரிண்டர் செருகியிருக்கும் கொம்பியூட்டருக்கு அனுப்பும். எழுத்துரு இருக்கிற இடத்தில் வரைவதால் தமிழ் தமிழாகவே வரும். பி.டி.எஃப். ஆக மாற்றினாலும் எழுத்துரு உள்ளேயே பதிந்து போகும் என்பது வேறு வழி. ஒவ்வொரு தாளுக்கும் அதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

உள்ளூர் வலையமைப்பு என்பதே ஓரளவு பிரிண்டருக்காகப் பிறந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அங்கே ஆல்டோ என்ற கொம்பியூட்டர்கள் மேசைக்கு ஒன்றாக வரவிருந்தன. அத்தனையையும் அந்த ஒரே வேகமான பிரிண்டரோடு எப்படி இணைப்பது? 1973இல் ரொபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை யோசித்ததற்கு இந்தக் கேள்வி ஒரு முக்கியமான காரணம். இன்று ரவுட்டருக்குப் பின்னால் நாம் செருகும் கேபிள் அந்த வழியில் வந்தது.

டெஸ்க்டொப்பில் பிரிண்டருக்குப் 'பகிர்' என்று ஒரு சரி போட்டுவிட்டால் எல்லாருக்கும் அது பொதுவாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆவதில்லை. கேபிள் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பிரிண்டர் இருக்கிறது. மற்றவர்கள் அவரிடம் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கொம்பியூட்டர் தூங்கினால் பிரிண்டரும் இல்லை. அதற்குப் பாஸ்வர்ட் மாற்றினால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். புதிதாக ஒரு ரவுட்டரை மாட்டும்போது விண்டோஸ் அதைப் 'பொது' வலையமைப்பு என்று எடுத்துக்கொண்டால், பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் நிற்பது போலக் கதவையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதைத் 'தனிப்பட்டது' என்று மாற்றினால்தான் பகிர்வு வேலை செய்யும். வீட்டு வலையமைப்புக்கென்றே விண்டோஸில் முன்பு ஹோம்குரூப் என்று ஓர் இலகுவான ஏற்பாடு இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் அவசியமான ஆளாகிவிட்டேன். நான் வேலை செய்யும் எஸ்டேட் ஒபிஸில் பெரிய கிளார்க், சின்ன கிளார்க் என்று வரிசை உண்டு. அங்கே என்னை யாரும் தேடுவதில்லை. வீட்டில் "அப்பா, அனுப்பினேன், வரல்லியே" என்று மகள் கூப்பிடும்போதும், கீழிருந்து தம்பி மகன் "பெரியப்பா, ஒஃப்லைன்னு காட்டுது" என்று கத்தும்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பாஸ்வர்டை எங்கேயும் எழுதி வைக்காமல் மனதிலேயே வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

2021 கடைசியில் கீழ் வீட்டில் பிரிண்ட் நின்றுபோனது. மேல் வீட்டில் எல்லாருக்கும் வருகிறது, கீழ் வீட்டில் மட்டும் பிரிண்டரின் பெயரே தெரியவில்லை.

அந்த நேரம் தேடினால் உலகம் முழுவதும் ஒரே கதைதான் கிடைத்தது. அந்த வருடம் ஜூன் கடைசியில், விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்த ஓர் ஓட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஆய்வாளர்கள் சிலர், அது ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தில், வெளியிட்டுவிட்டார்கள். பிரிண்ட் நைட்மேர் என்று அதற்குப் பெயர் வந்தது. ஸ்பூலர் என்பது பிரிண்டுக்குப் போகும் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சிறிய நிரல். சின்ன வேலைதான் செய்கிறது, ஆனால் கொம்பியூட்டரிலேயே மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிறது. அதற்குள் நுழைந்தவன் முழுக் கொம்பியூட்டரையும் பிடித்துக்கொள்ளலாம். ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்து 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் பரவிய வழிகளில் ஒன்றும் பகிரப்பட்ட பிரிண்டர்தான். மைக்ரோசொஃப்ட் 2021 ஜூலை 6ஆம் திகதி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் 7க்கும் கொடுத்தது. அதற்கு முன்பே, ஜனவரியில், ஸ்பூலரில் வேறொரு ஓட்டைக்கும் திருத்தம் வந்திருந்தது. அதை எல்லாரும் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று செப்டெம்பர் 14ஆம் திகதி இறுக்கினார்கள். பகிர்ந்து கொடுக்கும் கொம்பியூட்டரும் வாங்கும் கொம்பியூட்டரும் ஒத்துப்போகாத இடங்களில், உலகெங்கும் அலுவலகங்களிலும் வீடுகளிலும், பிரிண்டர் இணையாமல் 11பி என்று முடியும் ஒரு பிழை எண் வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்து அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடு என்பதுதான் எல்லாரும் சொன்ன வைத்தியம்.

தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான். "அண்ணே, இதுதான். எல்லாருக்கும் இதே கம்ப்ளெய்ன்ட். ஒரு வரிதானே, போட்டுருவோம்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் பெரிய அறிவு ஒன்றும் இல்லை. அந்த 11பி எங்கள் வீட்டில் எங்கேயும் வரவில்லை. பிரிண்டரோடு பேசிப் பார்த்து மறுத்தால்தான் அந்த எண் வரும். இங்கே பிரிண்டரையே காணவில்லை. ஊரெல்லாம் டெங்கு என்றால் நம் வீட்டுக் காய்ச்சலும் டெங்குதான் என்று மருந்து வாங்கிக் குடிக்க முடியுமா? மேலும், பிழை இல்லாத இடத்தில் பூட்டைக் கழற்றி வைப்பதில் லாபமில்லை. பிறகு அதைத் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் வராது.

பதிலாக நான் பிரிண்டரிலிருந்து தொடங்கினேன். பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்குவார்கள்: பிரிண்ட் கொடுத்த லெப்டொப்பையே நோண்டுவார்கள், டிரைவரை அழித்துப் போடுவார்கள். கடதாசி வெளியே வரும் முனையிலிருந்து பின்னோக்கி வந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது என்பது என் அனுபவம். பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்தேன். எந்தக் கொம்பியூட்டரின் உதவியும் இல்லாமல் தன் சோதனைப் பக்கத்தை அடித்துத் தந்தது. ஆக டோனரும் உருளையும் சரி. டெஸ்க்டொப்பிலிருந்து ஒரு சோதனைப் பக்கம், வந்தது. கேபிளும் டிரைவரும் சரி. மகளின் லெப்டொப்பிலிருந்து, வைஃபை வழியாக, அதுவும் வந்தது. பகிர்வும் பாஸ்வர்டும் சரி. பிறகு தம்பி மகனைக் கூப்பிட்டு, "லெப்டொப்பத் தூக்கிட்டு மேல வாடா" என்றேன்.

அவன் முன்னறைக்கு வந்து எங்கள் வைஃபையைப் பிடித்துப் பிரிண்ட் கொடுத்தான். மெஷின் உடனே கடதாசியை இழுத்தது. பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கீழே வராதது மேலே வருகிறது. அப்படியென்றால் பழுது லெப்டொப்பிலும் இல்லை, பிரிண்டரிலும் இல்லை. நடுவில் உள்ள படிக்கட்டில் இருக்கிறது.

படிக்கட்டில் இருந்தது ஒரு கேபிள். கீழ் வீட்டில் சிக்னல் குறைவு என்று தம்பி ஒரு பழைய ரவுட்டரை வாங்கிவந்து, படியோரம் பி.வி.சி. குழாயில் கேபிள் இழுத்து, எங்கள் ரவுட்டரிலிருந்து அதற்குக் கொடுத்திருந்தான். கீழே இன்டர்நெட் அருமையாக வந்தது. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. "இன்டர்நெட் வருதே, அப்ப கனெக்‌ஷன் சரிதானே" என்பது எல்லாருடைய கணக்கு.

பையனின் லெப்டொப்பைக் கீழே கொண்டுபோய் அதன் முகவரியைப் பார்த்தோம். மேலே இருந்தபோது 192.168.1 என்று தொடங்கிய முகவரி, கீழே 192.168.0 என்று தொடங்கியது. விஷயம் அந்த ஓர் இலக்கத்தில்தான். தம்பி கேபிளை இரண்டாவது ரவுட்டரின் 'இன்டர்நெட்' என்று எழுதிய நீலத் துவாரத்தில் செருகியிருந்தான். அப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் எங்கள் வீட்டை வெளியுலகம் என்று எடுத்துக்கொண்டு, கீழ் வீட்டைத் தனி ஊராக வைத்துக்கொள்கிறது. அங்கே உள்ளவர்களுக்குத் தானே முகவரி பிரித்துக் கொடுக்கிறது. அந்த டி.எச்.சி.பி. வேலையை இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே செய்துகொண்டிருந்தன. பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடும் குரல் தன் ஊர் எல்லையைத் தாண்டாது. இன்டர்நெட்டுக்கு இந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை, ஒரு ரவுட்டர் வழியாக இன்னொரு ரவுட்டருக்குப் போய் வெளியேறிவிடும். ஆகவே யூடியூப் ஓடும், பிரிண்டர் தெரியாது.

திருத்துவதற்குக் காசு செலவில்லை. முதலில் கீழ் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினோம். எங்கள் ரவுட்டர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்களில் அது இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். பிறகு அதன் டி.எச்.சி.பி.யை அணைத்தோம். அதற்குப் பிறகே கேபிளை நீலத் துவாரத்திலிருந்து எடுத்துப் பக்கத்திலிருந்த மஞ்சள் துவாரங்களில் ஒன்றில் செருகினோம். இந்த வரிசை முக்கியம். கேபிளை முதலில் மாற்றினால் ஒரே வலையமைப்பில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கி, மேல் வீட்டிலும் குழப்பம் வரும். இப்போது கீழ் ரவுட்டர் வெறும் சிக்னல் கொடுக்கும் பெட்டி. இரண்டு வீடும் ஒரே ஊர்.

பையன் கீழே போய்ப் பிரிண்ட் கொடுத்தான். வந்தது. கூடவே, வராத நாட்களில் அவன் ஆத்திரத்தில் தட்டித் தட்டி அனுப்பிய பழைய வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. அதே விஞ்ஞானப் பயிற்சித் தாள், கொப்பி கொப்பியாக. சுவிட்சை அணைக்கும்வரை மெஷின் நிறுத்தவில்லை.

ஸ்பூலரின் குணம் அது. 1885இல் இருந்து ரயில் வரும் எங்கள் ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது. ரம்புக்கனைக்கு மேலே பதுளை வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம். ரதல்லவில் ஒரு பெட்டி தடம்புரண்டால் பின்னால் வருவதெல்லாம் வட்டகொடையிலும் தலவாக்கலையிலும் நிற்கும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். கெட்டுப்போன ஒரு வேலை வரிசையின் தலையில் நின்றால் பிரிண்டரிலும் அதே கதி. 'ரத்து செய்' என்று கொடுத்தால் 'அழிக்கப்படுகிறது' என்று எழுதிக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்போது சேவைகள் பட்டியலில் போய்ப் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்த வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ்; அந்த ஃபோல்டரில் கிடப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட வேண்டும். தம்பி மகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்த பிறகு என்னைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. கொஞ்சம் வருத்தம்தான்.

கடதாசி சிக்கிக்கொள்வது வேறு தொல்லை. மேலே மெஷினில் தாள் சிக்கி நிற்பது கீழே இருப்பவனுக்குத் தெரியாது. அவன் திரும்பத் திரும்பத் தட்டுவான். இந்தத் தொல்லையிலிருந்து ஓர் இயக்கமே பிறந்திருக்கிறது. 1980ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பிரிண்டர் ஒரு மாடியிலும் ஆட்கள் வேறு மாடிகளிலும் இருந்தார்கள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற நிரலாளர் பழைய பிரிண்டரின் நிரலில் கைவைத்து, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்கே செய்தி போகும்படி செய்திருந்தார். பிறகு ஸெரொக்ஸின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதற்கும் அப்படிச் செய்ய அவர் மூல நிரலைக் கேட்டபோது கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவர், வெளியே கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் இருந்தது என்று அவரே சொல்லிவந்திருக்கிறார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகள் 'தாள் சிக்கிருச்சு, யாரும் அனுப்பாதீங்க' என்று போடுவாள். மாடிக்குச் செய்தி போகிறது, நிரல் தேவைப்படவில்லை.

தாள் ஏன் இவ்வளவு சிக்குகிறது என்பதற்கு நானுஓயாவில் தனிக் காரணம் உண்டு. நாங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கு மேலே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள் துணியே காயாது. பிரித்து வைத்த பேப்பர் பெக்கெட் ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் அலையலையாக நெளியும். இழுக்கும் உருளைக்கு இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். லேசர் பிரிண்டரில் டோனர்த் தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் பகுதி 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடும். ஈரத் தாள் அதில் நுழைந்ததும் நீராவி கிளம்பித் தாள் சுருளும், எழுத்தும் சரியாக ஒட்டாமல் விரலில் வரும். டிரைவரையும் ரவுட்டரையும் எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்தால் தீரும். தட்டில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

2022இல் அந்தத் தாளே கிடைக்காமல் போனது. அந்த மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். தி ஐலண்டும் திவயினவும் சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிப்பதை நிறுத்தின. மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. மனைவி ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும், பக்கத்துக்கு இரண்டு பக்கமாகச் சுருக்கியும் அடித்தார். கரண்ட் இருக்கும் நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாகப் பிரிண்ட் கொடுத்தார்கள். தம்பி ஒரு சின்ன யூ.பி.எஸ். கொண்டுவந்து பிரிண்டரை அதில் செருகலாம் என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். அந்தச் சூடேற்றும் பகுதி ஆரம்பிக்கும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது. ரவுட்டரை அதில் போட்டோம், அதற்கு அது தாராளம்.

ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. பிறருக்குப் பிரிண்ட் வர வேண்டும் என்பதற்காக என் டெஸ்க்டொப் பகல் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது அதோடு கண்ணைக் குத்தத் தொடங்கியது. பில்லைப் பார்த்த பிறகு தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு, தானே வைஃபையில் நிற்கக்கூடிய பிரிண்டர் ஒன்றைப் பாவித்த விலையில் எடுத்தோம். இனி அது யாருடைய கொம்பியூட்டரையும் நம்பி இல்லை. அதற்கென்று ஒரு முகவரி, வேண்டியவன் நேரே போய்க் கேட்கலாம். இதை முன்பே செய்திருக்கலாமே என்று தோன்றும். தோட்டத்துச் சம்பளத்தில் அது கட்டணம் ஏறிய பிறகுதான் கணக்குக்குச் சரிவந்தது.

புதிய பிரிண்டருக்குப் புதிய நோய். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் சில நாள் 'ஒஃப்லைன்' என்று காட்டும், சில நாள் காட்டாது. இந்த முறை படிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்து ரவுட்டரிடம் முகவரி கேட்கின்றன. பிரிண்டருக்கு நேற்றுக் கிடைத்த எண் இன்று மகளின் போனுக்குப் போயிருக்கும். லெப்டொப்போ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு, பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்று முறையிடும். பிரிண்டரின் திரையில் உள்ள எண்ணையும், லெப்டொப்பில் பிரிண்டரின் போர்ட் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரவுட்டரின் அமைப்பில் முகவரியை ஒதுக்கி வைக்க இடம் உண்டு. பிரிண்டரின் நிரந்தர வன்பொருள் எண்ணைக் கொடுத்து, இதற்கு எப்போதும் 192.168.1.50தான் என்று எழுதினோம். லெப்டொப்களில் விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துப் போட்டிருந்த போர்ட்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணைக் கையால் கொடுத்தோம். அதன் பிறகு அந்த நோய் வரவில்லை.

அந்த எண்ணை மகள் ஒரு துண்டுக் கடதாசியில் பெரிதாக எழுதிப் பிரிண்டரின் மூடியில் ஒட்டினாள். அதன் கீழே, எதிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதினாள்: முதலில் பிரிண்டரின் சொந்தச் சோதனைப் பக்கம், பிறகு எண், பிறகு எந்த வைஃபை, கடைசியாக டிரைவர். பாஸ்வர்டையும் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டாள். சொன்னேன். சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி கேட்டால் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதைத் தம்பி மகன் சிவப்புப் பேனையால் சேர்த்தான். அக்கம்பக்கத்தில் இடியில் எரிந்த ரவுட்டர்கள் அத்தனை.

பழைய டெஸ்க்டொப் இன்னும் முன்னறையில் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் அதில் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத கொம்பியூட்டரை, ஸ்பூலர் கதையெல்லாம் தெரிந்த பிறகு, வீட்டு வலையமைப்பில் வைத்திருக்க எனக்குத் தயக்கம். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். அதில் பிரிண்டுக்கு 1999இல் வந்த கப்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது, எங்கள் பிரிண்டர் அதற்குத் தெரியும். பழைய யூ.எஸ்.பி. லேசரையும் தூசி தட்டி அதிலேயே மாட்டலாம். மனைவியிடம் கேட்டேன்.

"பாமினியில அடிக்க ஏலுமா?" என்றார்.

ஏலும், எழுத்துருவை ஏற்றினால் போதும் என்றேன்.

"அப்படின்னா தவணைப் பரீட்சை முடிஞ்ச பிறகு போடுங்க. அதுக்கு முந்தி அதுல கை வைக்காதீங்க."